லண்டனில் வீடு வாங்க: சொலிசிட்டரா, கன்வேயன்சரா, ஏஜென்ட் காட்டும் ஆளா?

இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்கு ஆஃபர் கொடுத்து, விற்பவரும் சரி என்று சொல்லிவிட்டால் மறுநாளே எஸ்டேட் ஏஜென்ட் போன் செய்வார். "உங்க சொலிசிட்டர் யாரு? இன்னும் பார்க்கலைன்னா எங்ககிட்டயே நல்ல ஆள் இருக்காங்க." வீடு தேடி அலைந்த களைப்பில் பலர் அந்த இடத்திலேயே தலையாட்டிவிடுகிறார்கள். சமையலறை டைல்ஸுக்கு நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள்கூட, பல லட்சம் பவுண்டு கைமாறும் இந்தச் சட்ட வேலைக்கு, வக்கீலைப் பற்றி இரண்டாவதாக ஒரு இடத்தில் விசாரிப்பதில்லை.

ஊரில் பார்த்துப் பழகிய முறை வேறு என்பதும் இதற்கு ஒரு காரணம். அங்கே வக்கீலிடம் லீகல் ஒப்பினியன் வாங்குவோம், பத்திர எழுத்தர் பத்திரம் எழுதுவார், சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு தரப்பும் நேரில் நின்று போட்டோ எடுத்து, ரேகை வைத்துவிட்டு வருவோம். இங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. இரண்டு பக்கத்து வக்கீல்களும் மாதக்கணக்கில் மின்னஞ்சலில் கேள்வி பதில் நடத்துவார்கள். முதலில் 'எக்ஸ்சேஞ்ச்', அதாவது ஒப்பந்தம் உறுதியாவது. அது பெரும்பாலும் இரண்டு அலுவலகங்களுக்கிடையே ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிடும். வழக்கமாகப் பத்து சதவீதம் டெபாசிட் அதோடு போகும். அந்த அழைப்புக்கு முந்தைய நிமிடம் வரை வாங்குபவரும் விலகலாம், விற்பவரும் விலகலாம்; அதற்குப் பிறகு வாங்குபவர் விலகினால் டெபாசிட் போகும். பிறகுதான் 'கம்ப்ளீஷன்', சாவி கைக்கு வரும் நாள். இது எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று நான்கு மாதம் ஆவது சாதாரணம்.

இந்தச் சட்ட வேலைக்குத்தான் கன்வேயன்சிங் என்று பெயர். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்தில் சட்டமும் நடைமுறையும் வேறு. என் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலகையில் சொலிசிட்டர் என்று போட்டிருக்கிறதா, கன்வேயன்சர் என்று போட்டிருக்கிறதா என்பது இரண்டாம்பட்சம். வீடு எப்படிப்பட்டது, அதற்கான பணம் எந்த வழியாக வருகிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் ஆளைத் தேட வேண்டும்.

இரண்டு உரிமங்கள்

1985 வரை இது சொலிசிட்டர்களின் ஏகபோகம். அந்த ஆண்டு வந்த சட்டம்தான் 'லைசென்ஸ்டு கன்வேயன்சர்' என்ற தனித் தொழிலை உருவாக்கியது. இவர்கள் சொத்து மாற்றத்தையே படித்து, அதையே தொழிலாகச் செய்பவர்கள். சொலிசிட்டர்களை எஸ்ஆர்ஏ என்ற அமைப்பு கண்காணிக்கிறது, இவர்களைச் சிஎல்சி. இரண்டு பக்கமும் தொழில்முறைக் காப்பீடு கட்டாயம். புகார் இருந்தால் இரண்டுக்கும் லீகல் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கிகளும் இரு தரப்பையும் ஏற்கின்றன.

சாதாரண வீட்டுக்கு லைசென்ஸ்டு கன்வேயன்சர் தாராளமாகப் போதும். நாள் முழுக்க இதே வேலையைச் செய்யும் கன்வேயன்சர், காலையில் விவாகரத்து, மதியம் விசா, மாலையில் வீடு என்று ஓடும் சொலிசிட்டரைவிடப் பல நேரம் கூர்மையாகவே இருப்பார். சிக்கல் வேறு இடத்தில் வரும். எல்லைத் தகராறு, உயில் வழக்கு, பிரியும் தம்பதியின் பங்கு என்று விஷயம் நீதிமன்றப் பக்கம் திரும்பினால் கன்வேயன்சரால் அதைத் தொடர முடியாது. வாங்கும் வீட்டில் அப்படி ஏதாவது வாடை அடித்தால், வழக்குப் பிரிவும் உள்ள சொலிசிட்டர் அலுவலகத்துக்குப் போவது நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு வகை அலுவலகங்களிலும் உங்கள் ஃபைலைத் தினமும் கையாள்பவர் இந்த இரண்டு உரிமமும் இல்லாத உதவியாளராக இருக்கலாம். மேலே ஒருவர் மேற்பார்வை பார்ப்பார். அதில் தவறில்லை, அந்த மேற்பார்வையாளர் எத்தனை பேரின் வேலையைப் பார்க்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

499 பவுண்டு விளம்பரம்

ஆன்லைனில் மலிவாக விளம்பரம் செய்யும் பெரிய நிறுவனங்கள் மூன்றாவது வழி. அவர்களின் கொட்டேஷனை வரிவரியாகப் படித்தால்தான் கணக்கு புரியும். எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை, ஆனால் தலைப்புகள் எல்லாம் நிஜமான கொட்டேஷன்களில் வருபவை.

அடிப்படைக் கட்டணம் 499. ஃபிளாட் என்பதால் லீஸ்ஹோல்டு (நிலம் வேறொருவருடையது, வீடு நீண்ட காலக் குத்தகையில்) கூடுதல் 300. வங்கிக் கடன் இருப்பதால் 150. அப்பாவும் மாமனாரும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் 'கிஃப்டட் டெபாசிட்' தலைக்கு 75, ஆக 150. ஸ்டாம்ப் டியூட்டி படிவம் நிரப்ப 95. இருவரின் அடையாளச் சோதனைக்கு 40. வங்கி வழியாகப் பணம் அனுப்ப 45. ஃபைலைச் சேமித்துவைக்க 35. கூட்டினால் 1,314, இருபது சதவீதம் வாட் வரி சேர்ந்தால் கிட்டத்தட்ட 1,577 பவுண்டு. தெருமுனை அலுவலகம் "எல்லாம் சேர்த்து 1,250, வாட் தனி" என்று சொன்னபோது அதிகம் என்று ஒதுக்கியிருப்பீர்கள். அது 1,500தான்.

சர்ச் கட்டணம் (வீட்டைப் பற்றி உள்ளாட்சி முதலிய இடங்களில் தேடிப் பார்ப்பதற்கு), லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற நிலப் பதிவகத்தின் கட்டணம், ஸ்டாம்ப் டியூட்டி ஆகியவை யாரிடம் போனாலும் வெளியே கட்ட வேண்டியவை. அவற்றைத் தள்ளிவிட்டு வக்கீல் கூலியை மட்டும் ஒப்பிடுங்கள். எஸ்ஆர்ஏ விதிப்படி 2018 டிசம்பர் முதல் சொலிசிட்டர் நிறுவனங்கள் வீட்டு கன்வேயன்சிங் கட்டணத்தைத் தங்கள் இணையதளத்தில் போட்டே ஆக வேண்டும், அதனால் ஒப்பிடுவது ஒன்றும் கஷ்டமில்லை. 'நோ சேல், நோ ஃபீ' என்பதையும் நிதானமாகப் படியுங்கள். வீடு கைநழுவினால் அவர்கள் கூலிதான் தள்ளுபடி ஆகும். சர்ச்சுக்குக் கட்டிய பணம் போனது போனதுதான்.

இந்த நிறுவனங்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே பதிவான ஃப்ரீஹோல்டு (நிலமும் சேர்ந்தே சொந்தமாகும்) வீடு, ஒரே வங்கிக் கடன், சம்பளத்தில் சேர்த்த டெபாசிட், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று சங்கிலியாகக் காத்திருக்கும் வேறு வீடு இல்லை என்றால் இவர்களே போதும். பழைய வீட்டுக்கடனைப் புதிய கடனாக மாற்றும் ரீமார்ட்கேஜுக்கும் அப்படித்தான். ஆனால் ஃபைலில் ஒரு முடிச்சு விழுந்தால், போனை எடுப்பவருக்கு உங்கள் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்வார்.

ஏஜென்ட் காட்டும் ஆள்

ஏஜென்ட் உங்களை அனுப்பிவைப்பதற்கு அந்த நிறுவனம் அவருக்கு ரெஃபரல் ஃபீ கொடுக்கும். கன்வேயன்சிங்கில் இது சட்டவிரோதமில்லை, ஆனால் உங்களிடம் சொல்லியாக வேண்டும். அந்தப் பணம் கடைசியில் உங்கள் பில்லிலிருந்துதான் போகிறது. ஏஜென்ட்டுக்குச் சம்பளம் கொடுப்பவர் விற்பவர். சீக்கிரம் முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். உங்கள் வக்கீலோ தேவைப்பட்டால் "இந்த வீடு வேண்டாம்" என்று சொல்ல வேண்டியவர். இந்த இரண்டும் ஒத்துப்போவது கடினம்.

"எங்க ஆளை எடுத்தாத்தான் ஆஃபரை ஓனர்கிட்ட சொல்வோம்" என்று ஜாடைமாடையாகச் சொன்னால் அசைய வேண்டாம். தங்கள் சேவையை எடுக்காத வாங்குபவரைப் பாரபட்சமாக நடத்துவதை 1991ஆம் ஆண்டின் எஸ்டேட் ஏஜென்ட் ஆணையே தடுக்கிறது. அந்த விஷயத்தை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொன்னாலே பேச்சு மாறிவிடும்.

பணம் வந்த வழி

நம் குடும்பங்களின் ஃபைல்கள் தாமதமாவதற்கு வீட்டைவிடப் பணம்தான் பெரும்பாலும் காரணம். பணமோசடித் தடுப்பு விதிகளின்படி, டெபாசிட்டின் ஒவ்வொரு பகுதியும் எங்கிருந்து வந்தது என்று வக்கீல் கேட்டே ஆக வேண்டும். பல மாத ஸ்டேட்மென்டுகளைக் கேட்பார்கள், பெரிய தொகை வந்த ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்பார்கள்.

சீட்டுப் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் கையில் கொடுத்துக் கட்டிய சீட்டு. எடுக்கும்போது, சீட்டுப் பிடிக்கும் அக்கா தன் கணக்கிலிருந்து 20,000 பவுண்டு அனுப்புகிறார். வக்கீலின் கண்ணில் அது யாரோ ஒரு பெண், காரணமில்லாமல் அனுப்பிய பணம். "ஃபேமிலி ஃப்ரெண்ட்" என்று எழுதினால், கடனா பரிசா என்ற அடுத்த கேள்வி வரும். சீட்டை முன்கூட்டியே எடுத்தவருக்கு இன்னும் தவணை பாக்கி இருக்கும். அப்படியானால் அது கடன்தான்; வங்கிக்கும் சொல்ல வேண்டும். பரிசு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது பொய்.

ஊரில் மனை விற்ற பணம் இன்னொரு ரகம். பத்திரத்தில் 30 லட்சம், உண்மையில் கைக்கு வந்தது 55 என்றால், மிச்ச 25 லட்சத்துக்கு இங்கே எந்த வக்கீலிடமும் காட்டக் காகிதம் இருக்காது. பத்திரம் தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். இந்தியாவில் வசிக்கும் பெற்றோர் அனுப்பும் பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு ஆளுக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர். அந்த வங்கிக் காகிதங்களை முதலிலேயே எடுத்துவைத்தால் பாதி வேலை முடிந்தது.

இப்படிப்பட்ட பணத்தோடு மலிவு நிறுவனத்துக்குப் போனால், கணினியில் உள்ள பட்டியலில் அடங்காத ஒவ்வொன்றும் விதிமுறைச் சோதனை பார்க்கும் 'கம்ப்ளையன்ஸ்' பிரிவுக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். சிறிய அலுவலகத்தில் முதல் நாளே ஒருவரை உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்லலாம். முடியாது என்றால் அன்றைக்கே சொல்லிவிடுவார், சர்ச்சுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே. இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதலாகச் சில நூறு பவுண்டு கொடுக்கலாம்.

சென்னையில் இருக்கும் அந்த ஃபிளாட்

ஆன்லைன் படிவத்தில் ஒரு கட்டம் வரும்: வேறு வீடு உங்களுக்குச் சொந்தமாக இருக்கிறதா? இங்கே இல்லை என்ற நினைப்பில் பலர் 'இல்லை' என்று டிக் அடிக்கிறார்கள். சட்டம் கேட்பதோ உலகத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று. 40,000 பவுண்டோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீட்டுப் பங்கு சென்னையில் இருந்தாலும் கணக்கில் வரும். கணவன் மனைவியை ஒரே அலகாகத்தான் பார்ப்பார்கள், அதனால் மனைவி பெயரில் மட்டும் வாங்கினாலும் தப்பிக்க முடியாது.

இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி 4,50,000 பவுண்டு வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள் (வேல்ஸில் இந்த வரியும் அதன் விதிகளும் வேறு). முதல் வீடு வாங்குபவருக்கு ஸ்டாம்ப் டியூட்டி 7,500. முன்பு வீடு வைத்திருந்து இப்போது எதுவும் இல்லாதவருக்கு 12,500. வேறு வீடும் இருந்தால் ஐந்து சதவீதம் கூடுதல், மொத்தம் 35,000. முதல் வீட்டுச் சலுகைக்கு இன்னும் கறார்: உலகில் எங்குமே, பரம்பரையாகக்கூட, வீடு பெற்றிருக்கக் கூடாது, இரண்டு பேர் பெயரில் வாங்கினால் இருவருமே அப்படி இருக்க வேண்டும். தாத்தா வீட்டில் கால் பங்கு பெயரில் ஏறியிருப்பதை மறந்தே போனவர்கள் உண்டு.

வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடலாமா? 2025 செப்டம்பரில் பிரிட்டனின் துணைப் பிரதமர் ஏஞ்சலா ரேய்னர் பதவி விலகியதே இந்தக் கூடுதல் வரி விவகாரத்தில்தான். ஹோவ் நகரில் வாங்கிய ஃபிளாட்டுக்குச் சுமார் 40,000 பவுண்டு குறைவாகக் கட்டியிருந்தார். சட்ட ஆலோசனையை நம்பினேன் என்றார் அவர். வரி ஆலோசனையே கொடுக்கவில்லை என்றது கன்வேயன்சிங் நிறுவனம். உங்கள் ஒப்பந்தக் கடிதத்திலும் 'வரி ஆலோசனை இதில் அடங்காது' என்ற வரி அநேகமாக இருக்கும். ஊரில் சொத்து இருந்தால் இந்தக் கேள்வியைத் தனியாக, எழுத்தில் கேளுங்கள். தேவைப்பட்டால் வரி ஆலோசகருக்கும் ஒரு முறை பணம் கொடுங்கள். கம்ப்ளீஷன் ஆன 14 நாளுக்குள் படிவமும் பணமும் போய்ச்சேர வேண்டும் என்பதால் பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

ஃபிளாட் என்றால்

லீஸ்ஹோல்டு ஃபிளாட் வாங்குபவர்களுக்குக் குத்தகையைப் படிக்கத் தெரிந்த வக்கீல் வேண்டும். குத்தகையில் மிச்சம் 80 ஆண்டுக்குக் கீழே போய்விட்டால் நீட்டிக்கும் செலவு எகிறும்; அப்படி எகிறவைக்கும் 'மேரேஜ் வேல்யூ' என்ற கூடுதல் தொகையை நீக்க 2024இல் சட்டம் வந்தாலும், அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வராததால் அதை நம்பி வாங்கக் கூடாது. நிலத்துக்காகக் கட்டும் வாடகையான கிரவுண்ட் ரென்ட் இரட்டிப்பாகிக்கொண்டே போகும் பழைய குத்தகைகளுக்கு வங்கிகள் கடன் மறுப்பதுண்டு. 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விபத்துக்குப் பிறகு உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரை மூடும் பலகைகள் (கிளாடிங்) பற்றிய காகிதங்கள் வேறு. இதையெல்லாம் வாரம் ஒருமுறையாவது பார்க்கும் ஆளாக இருக்க வேண்டும். "போன மாதம் எத்தனை லீஸ்ஹோல்டு முடித்தீர்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

ஃப்ரீஹோல்டிலும் முடிச்சு விழும். ஹாரோ, ஈஸ்ட்ஹாம் பக்கத்து வரிசை வீடுகளில் மாடிக்கு மேலே லாஃப்ட் அறை எடுத்திருப்பார்கள். கவுன்சிலின் கட்டட விதி நிறைவுச் சான்று இருக்காது. இதற்கு இன்டெம்னிட்டி காப்பீடு எடுத்துச் சமாளிப்பது வழக்கம். ஆனால் ஆர்வக்கோளாறில் நீங்களே கவுன்சிலுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். இதை முதல் வாரத்திலேயே சொல்லிவைப்பவர்தான் அனுபவசாலி. அந்தக் காப்பீடு சட்டச் சிக்கலுக்குத்தான். உத்தரம் பலமாக இருக்கிறதா என்பதற்குக் கட்டடத்தைச் சோதிக்கும் சர்வேயர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம்ம ஆள்

தமிழ் பேசும் சொலிசிட்டரிடம் போவதில் பெரிய வசதி இருக்கிறது. சீட்டு என்றால் என்ன என்று விளக்க வேண்டாம். பணம் கொடுக்கும் பெற்றோருக்கு, கொடுத்தபின் அந்த வீட்டில் பங்கு கேட்க முடியாது என்பதைத் தமிழிலேயே புரியவைக்கலாம். தம்பியும் சேர்ந்து பணம் போட்டால், யாருக்கு எவ்வளவு பங்கு என்று 'டிக்ளரேஷன் ஆஃப் டிரஸ்ட்' எழுதிவைக்கச் சொல்வார். வெளியாள் சொன்னால் சண்டை மூட்டுகிறார் என்று நினைக்கும் குடும்பம், இவர் சொன்னால் கேட்கும்.

சங்கடமும் அங்கேதான். கோயிலில் பார்க்கும் மனிதரிடம் "ஏன் மூணு வாரமா பதில் இல்லை?" என்று கேட்க நாக்கு எழாது. விசா வழக்கில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர் கன்வேயன்சிங்கிலும் அப்படியே இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவர் பெயரை எஸ்ஆர்ஏ பதிவேட்டில் பாருங்கள், சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி கன்வேயன்சிங் தரத்துக்குக் கொடுக்கும் சிக்யூஎஸ் அங்கீகாரம் அவர் அலுவலகத்துக்கு இருக்கிறதா பாருங்கள், உங்கள் வங்கி ஏற்கும் வக்கீல்களின் பட்டியலில், அதாவது பேனலில், இருக்கிறாரா கேளுங்கள். பேனலில் இல்லையென்றால் வங்கி தன் தரப்புக்கு வேறு வக்கீலை வைக்கும். செலவும் நாளும் உங்கள் தலையில்.

நாமே செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: சட்டம் தடுக்கவில்லை. ஆனால் வங்கிக் கடன் இருந்தால் வங்கி விடாது. கடன் இல்லாமல் ரொக்கத்தில் வாங்கினாலும், விற்பவரின் கடனை அடைத்துவிடுகிறேன் என்று வக்கீல்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் உறுதிமொழியில்தான் இந்த அமைப்பே ஓடுகிறது. உங்களுக்கு அந்த அந்தஸ்து கிடையாது.

விற்பவர்களுக்கு

விற்பவருக்கு வேண்டியது வேகம். வீட்டை விளம்பரத்தில் போடும் அன்றே வக்கீலை நியமித்து, படிவங்களை நிரப்பிவைத்துவிட்டால் சில வாரங்கள் மிச்சம். 2002 ஏப்ரலுக்குப் பிறகு ஜன்னல் மாற்றியிருந்தால், அது விதிப்படி நடந்தது என்று காட்டும் ஃபென்சா சான்று, பாய்லர் காகிதம், லாஃப்ட் சான்று எல்லாம் ஒரு கவரில் இருக்கட்டும். இங்கே மலிவு நிறுவனம் பரவாயில்லை, ஃபிளாட்டாக இல்லாதவரை.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊரில் இருப்பவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். லூட்டனில் ஒரு பாதிரியார் வெளியூரில் இருந்தபோது அவர் பெயரில் யாரோ வீட்டையே 1,31,000 பவுண்டுக்கு விற்றுவிட்டது 2021இல் செய்தியானது. லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் 'பிராப்பர்ட்டி அலர்ட்' சேவை இலவசம்; பதிவு செய்துகொண்டால் உங்கள் வீட்டின் பதிவேட்டை யாராவது தொட்டால் மின்னஞ்சல் வரும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

பட்டியலில் இரண்டு மூன்று அலுவலகம் மிஞ்சியதும் போன் போட்டுப் பேசுங்கள். என் ஃபைலைப் பார்ப்பவர் பெயர் என்ன, அவர் விடுப்பில் போனால் யார், அவர் கையில் இப்போது எத்தனை ஃபைல், என் டெபாசிட் இப்படி இப்படி வருகிறது, சரிதானா? பதில் சொல்லத் திணறுகிறார்களா என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். அவர்களின் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் அன்றைக்கே வாங்கி எழுதிவையுங்கள். பிற்பாடு "கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், அதில் உள்ள தொலைபேசி எண்ணுக்குப் பேசாமல், நீங்கள் எழுதிவைத்த தொலைபேசி எண்ணுக்குப் பேசுங்கள். கம்ப்ளீஷனுக்கு முந்தைய நாட்களில் மின்னஞ்சலுக்குள் புகுந்து டெபாசிட்டைத் திருடும் கும்பல்கள் இதைத்தான் செய்கின்றன.

நடுவில் ஆளை மாற்ற முடியும். அதுவரை செய்த வேலைக்குப் பணம் கட்டினால்தான் பழைய அலுவலகம் ஃபைலை விடும். புதியவர் முதலிலிருந்து படிக்க வேண்டும். வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சுக்கு முன்பு என்றால் சில வாரங்கள் இழுக்கும், அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்ச் முடிந்து கம்ப்ளீஷன் தேதி குறித்துவிட்டால், எவ்வளவு எரிச்சல் வந்தாலும் இருக்கிறவரோடு முடித்துவிட்டு, புகாரை அப்புறம் எழுதுங்கள்.